புதுச்சேரியின் மழைக்காலச் சாலைகள்: பொறுப்பு எவருடையது, ஆபத்து எவருக்கு?

குளிர்காலச் சாலைப் பாதுகாப்பு என்றால் மேலை நாட்டு நகராட்சிகளுக்குப் பனியை அள்ளுவதும் உப்புத் தூவுவதும்தான். புதுச்சேரியில் அந்தக் காலம் ஐப்பசியில் மழையோடு தொடங்குகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடுகிறது. தேங்கிய நீருக்கடியில் மறைந்த பள்ளம், மூடி விலகிய மேன்ஹோல் குழி, எரியாத தெருவிளக்கு, அறுந்து தொங்கும் மின்கம்பி ஆகியவை இக்காலத்தின் ஆபத்துகள். மழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனிமூட்டத்தில், சாலையோரம் குனிந்து கூட்டுபவர் வாகன ஓட்டியின் கண்ணில் படாமற் போவது மற்றோர் ஆபத்து. இதைச் சாலைப் பாதுகாப்புப் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. கூட்டுபவர் யார் என்பது அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியிருந்தோரை மீட்க இராணுவம் வரவேண்டியிருந்தது. குடும்ப அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய மழையை எந்த வடிகாலும் முழுமையாகத் தாங்காது என்பது உண்மையே. ஆனால் 10 சென்டிமீட்டர் மழைக்கே இந்திரா காந்தி சதுக்கமும் ரெயின்போ நகரும் குளமாகிவிடுவதற்குப் புயலைக் காரணம் காட்ட இயலாது.

நகரின் நீர் வடியும் வழிகள் பழையவை. பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், உப்பாறு வாய்க்கால் ஆகிய மூன்றும் நகரின் மழைநீரைக் கடலை நோக்கிக் கொண்டு செல்கின்றன. இவற்றுள் பெரிய வாய்க்கால் பிரெஞ்சுக் காலத்தில் வெள்ளை நகரத்தையும் கறுப்பு நகரத்தையும் பிரித்த கோடு. சுற்றுலாக் கையேடுகள் இப்பிரிவினை பற்றி ஆர்வத்துடன் எழுதும். இவ்விரு பெயர்களிலும் சேரிக்கு இடமில்லை என்பதை அவை எழுதுவதில்லை. உப்பளம், உப்பாறு என்னும் பெயர்களே தாழ்வான உவர்நிலத்தைக் காட்டுகின்றன. வாய்க்கால் ஓரத்திலும் பள்ளத்திலும் குடியேற நேர்ந்தவர்கள் விரும்பி அங்குச் சென்றவர்கள் அல்லர். மழை நீர் முதலில் வந்து கடைசியில் வடிவது அவர்களுடைய தெருக்களில்தான்.

இத்தெருக்களில் ஒரு குழி திறந்து கிடந்தால் எவரிடம் சொல்வது? உட்புறத் தெருக்களும் சிறு வடிகால்களும் பெரும்பாலும் நகராட்சியைச் சேர்ந்தவை. முதன்மைச் சாலைகள் பொதுப்பணித்துறையிடம் உள்ளன. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அதே துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்தின் பொறுப்பு. மின்கம்பமும் கம்பியும் மின்துறைக்குரியவை. விழுப்புரமும் கடலூரும் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை. நகரமோ புதுச்சேரி, உழவர்கரை என இரு நகராட்சிகளாகப் பிரிந்துள்ளது. குழாய் பதிக்கத் தோண்டுவது ஓர் அலுவலகம், மூடவேண்டியது வேறோர் அலுவலகம் என்று ஆகிவிடுவதால், இடையில் பெய்யும் மழைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு வீட்டுக் கழிப்பறைகளின் வழியாகப் புகுந்து, இரு பெண்களும் ஒரு சிறுமியும் உயிரிழந்தனர். அந்த இடம் உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கிறது. சாக்கடை பொதுப்பணித்துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

இத்தனை அலுவலகங்களையும் ஒரே மேசைக்கு இழுத்துவந்து கேள்வி கேட்கவேண்டியவர் வார்டு உறுப்பினர். புதுச்சேரியில் அவர் இல்லை. 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையால் நகராட்சி மன்றங்கள் தோன்றிய ஊர் இது. எனினும் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அடுத்த மன்றம் அமையாமலேயே பத்தாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேர்தலும், வார்டு இடஒதுக்கீட்டுக் குளறுபடியால் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று நின்றுபோயிற்று. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தப்படவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு கூறுகிறது. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு வார்டுகளும், அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதிப் பெண்களுக்கும் ஒதுக்கப்படவேண்டும் என்கிறது 243-டி. ஒன்றியப் பகுதிகளுக்கும் இவை பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு கணக்கை நாம் கவனிக்கவேண்டும். சட்டமன்றத்தில் தனித்தொகுதிகள் ஐந்து: ஊசுடு, திருபுவனை, நெட்டப்பாக்கம், ஏம்பலம், காரைக்காலின் நெடுங்காடு. நகரத்துக்குள் ஒன்றும் இல்லை. எனவே நகரில் வாழும் தலித் மக்களுக்கு ஒதுக்கீட்டின் வழியாகக் கிடைக்கக்கூடிய ஒரே இருக்கை நகராட்சி வார்டுதான். தேர்தல் நடக்காமை எல்லோருக்கும் இழப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பிறருக்குச் சட்டமன்ற உறுப்பினரின் வாசற்படியாவது இருக்கிறது.

சாலைக்காகப் போராடுவது நமக்குப் புதிதன்று. பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியைச் சென்னைத் தீர்மானம் கட்டுப்படுத்தவில்லை. அன்று கேட்டது சாலையில் நடக்கும் உரிமை. இன்று நடப்பவர் உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்கிறோம்.

மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரப்படும்போது இறங்குவது யார் என்பதையும் சாலைப் பாதுகாப்பின் பகுதியாகவே பார்க்கவேண்டும். நாடு முழுவதும் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களுள் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசின் விவரங்களே 2024இல் காட்டின. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவதைத் தடை செய்கிறது. முதற்குற்றத்துக்கு இரண்டாண்டுச் சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். மரணத்துக்கு 10 இலட்சம் என 2014இல் நிர்ணயித்த உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 இலட்சம். இச்சட்டத்தில் ஒரு பொந்து உண்டு: கருவி கொடுத்தால் இறக்கலாம் என்று பொருள்படும் வாசகம். ‘இது சாக்கடை அன்று, மழைநீர் வாய்க்கால்’ என்னும் வாதமும் எழக்கூடும். சுகாதாரமற்ற கழிப்பறைகளின் மலம் வந்து விழும் திறந்த வாய்க்காலைக் கையால் சுத்தம் செய்விப்பதும் இச்சட்டத்தின் தடைக்குள் வருகிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

விபத்து நேர்ந்தபின் உள்ள வழிகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். மோதிய வாகனம் தப்பிவிட்டால், மரணத்துக்கு இரண்டு இலட்சமும் கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்கீழ் கோரலாம். பனிமூட்டத்தில் அடிபடும் துப்புரவுப் பணியாளர் குடும்பங்கள் இதை அறிந்திருக்கவேண்டும். மோட்டார் வாகன விபத்தில் காயமுற்றவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோருவோர் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவது நலம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, குழியின் ஒளிப்படம் ஆகியவற்றை அன்றே பெற்று வைக்கவேண்டும். ஒளிப்படம் எடுப்பதற்குள் குழி மூடப்பட்டுவிடும்; விபத்துக்கு மறுநாள் மட்டும் அலுவலகங்களுக்கு வேகம் வந்துவிடுகிறது.

குழியில் விழுந்த வழக்கே கடினமானது. 2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் நாட்டில் 14,926 பேர் இறந்ததை ஏற்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2018இல் கூறியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலைப் பராமரிப்பில் தவறி மரணமோ ஊனமோ நேரக் காரணமான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அத்தொகை விபத்து நிதிக்குச் செல்லும். குடும்பத்துக்கு நேரடியாக வராது. இழப்பீட்டுக்கு உயர்நீதிமன்றத்தை அணுகவேண்டியிருக்கும். பட்டியல் சாதியினர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

விபத்துக்கு முன்பே பயன்படும் வழி ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. பொதுவழியில் உள்ள இடையூற்றை அகற்றுமாறு உட்கோட்ட நடுவர் ஆணையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, வாய்க்கால் கட்டப் பணமில்லை என்றது. பணமின்மை கடமையிலிருந்து தப்ப ஒரு காரணம் ஆகாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர்கள் வசதியான தெருவினர். தீர்ப்போ குடிசைவாசிகளுக்கும் பொதுக் கழிப்பறை கட்டச் சொன்னது.

இம்மனுவுக்குச் சான்று தேவை. ஐப்பசிக்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இரு நகராட்சிகளுக்கும் பொதுப்பணித்துறைக்கும் தனித்தனியே எழுதிக் கேட்கலாம்: நம் தெருவின் வாய்க்கால் எந்நாளில் தூர்வாரப்பட்டது, இயந்திரத்தாலா ஆளாலா, எந்த ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது, இறங்கியவர்களுக்குக் கொடுத்த கருவிகள் எவை. 30 நாளில் விடை வரவேண்டும். வராவிடில் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு. அடுத்தது, ஒன்றியப் பகுதி என்பதால், டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு.