பொதியும் பொழுதும்: ஆர்க்கிட், எருக்குக் குடும்பங்களின் பொலினியம்

பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை மகரந்தத்தைத் தூளாகவே உதிர்க்கின்றன. அதைப் பொலினியம் என்னும் பொதியாகக் கட்டிப் பூச்சியின் உடலில் மாட்டிவிடும் முறை ஆர்க்கிடுகளிலும் எருக்கு, அதன் உறவான அஸ்கிளெப்பியாஸ் வகைகளிலும்தான் முழுமை பெற்றிருக்கிறது. முன்னது ஒருவித்திலை, பின்னது இருவித்திலை. நெருங்கிய உறவு கிடையாது. இரண்டையும் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1831இல் லின்னேயன் சங்கத்தில் வாசித்த ஒரே ஆய்வுரையில் சேர்த்து ஆராய்ந்தார். இந்த ஒற்றுமைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சிக்கனம். அது பாதி விடைதான் என்று கருதுகிறேன்.

சிக்கனத்தை மறுப்பதற்கில்லை. ஓர் ஆர்க்கிட் கனியில் பல்லாயிரம் விதைகள் உண்டு. சிலவற்றில் பத்து லட்சத்தையும் தாண்டும். ஒரே வருகையில் அத்தனை சூல்களுக்கும் மகரந்தம் வேண்டுமானால் பொதிதான் வழி. ஆனால் பொதியில் ஓர் அபாயமும் இருக்கிறது. பூச்சி அடுத்து அமர்வது பெரும்பாலும் அதே செடியின் பக்கத்துப் பூவில். தூளானால் அங்கே சிறிது வீணாகும். பொதியானால் மொத்தமும் போய்விடும்.

பொதியைப் பூச்சியில் மாட்டும் விதம் இரண்டிலும் வேறு. ஆர்க்கிட் தன் பொதியைப் பசையால் ஒட்டுகிறது. எருக்கில் பசைக்கு வேலையில்லை. அடுத்தடுத்த இரு மகரந்தத்தாள்களிலிருந்து ஒவ்வொன்றாக வரும் இரு பொலினியங்களைக் கார்பஸ்குலம் என்னும் கெட்டியான பிளவுத்துண்டு இணைக்கிறது. தேன் குடிக்க வந்த கருவண்டின் கால் மகரந்தத்தாள்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் வழுக்கி விழுகிறது. அது மேலே இழுக்கும்போது கார்பஸ்குலம் கவ்விக்கொண்டு பொதியோடு வெளியே வருகிறது.

பக்கத்துப் பூவில் பொதி வீணாகும் அபாயத்தைக் குறைப்பது தாமதம். டார்வின் 1862இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலில் ஆர்க்கிஸ் மாஸ்குலா என்னும் ஆர்க்கிடின் பொலினியத்தைப் பென்சில் முனையில் ஒட்டியெடுத்த சோதனையை விவரிக்கிறார். முதலில் நிமிர்ந்து நின்ற பொதி ஏறத்தாழ 30 விநாடிகளில் முன்புறம் சாய்ந்தது. சாய்ந்த பிறகே அது சூலகமுடியைத் தொட முடியும்; பூச்சி வேறு செடிக்குப் பறந்துபோக அந்த இடைவெளி போதும் என்றார். அஸ்கிளெப்பியாஸிலும், பூவிலிருந்து விடுபட்ட பொதியின் இணைப்புக் கரங்கள் உலர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. அதற்குப் பிறகே பொலினியம் இடுக்கில் நுழையும் கோணத்துக்கு வருகிறது. ஒன்று ஒட்டுகிறது, மற்றது கவ்வுகிறது. இருந்தும் தாமதம் இரண்டிலும் இருக்கிறது. இது தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பீட்டரும் ஜான்சனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அளந்த இனங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மாற்றத்துக்கான நேரம் பூச்சி ஒரு செடியில் தங்கும் நேரத்தைவிட நீண்டிருந்தது.

அஸ்கிளெப்பியாஸ் இனங்கள் பலவும் தம் மகரந்தத்தை ஏற்காதவை. பிறகு தாமதம் எதற்கு என்று கேட்கலாம். ஏற்காமை தடுப்பது விதையை மட்டுமே. தன் பூவின் இடுக்கிலேயே செருகிய பொலினியம் பிறிதொரு செடிக்குப் போகாது. பின்னால் வரும் அயற்பொதிக்கும் இடத்தை அடைத்துவிடும். விதைக்கு முன்பே நேரும் இந்த இழப்பைத் தாமதம் ஒன்றே குறைக்கிறது. இவ்வாதம் சரியானால், ஒரே நேரத்தில் பல பூக்கள் விரியும் இனங்களில் பொதி திரும்பும் நேரமும் நீண்டிருக்க வேண்டும். செடிக்கு ஒரு பூ மட்டுமே விரியும் இனங்களில் அது சுருங்கியோ இல்லாமலோ இருக்க வேண்டும்.