இராமாநுச கூடத்தின் வரவு செலவு

திருமலைக் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுக்களை ஏறிட்டும் பாராது மலையிறங்கும் அன்பர் பலர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுக்களே. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் ஆராய்ந்து உதவ, தேவஸ்தானத்தார் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டனர். பக்திப் பெருக்கை எதிர்நோக்கி அத்தொகுதிகளைப் புரட்டிய நாம் ஆங்குக் கண்டவை பெரும்பாலும் கணக்குகளே. அரிசி, நெய், பயறு, மிளகு என ஒவ்வொன்றையும் மரக்கால், நாழி, உழக்கு என்று அளந்து கல்லில் வெட்டியுள்ளனர்.

அக்கணக்குகளினிடையே நம் நெஞ்சைக் கவர்ந்தது சிறியதோர் அறநிலையத்தின் வரலாறு. சந்திரகிரியிலிருந்து ஆண்டு, பின்னர் 1485இல் விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர், யாத்திரை வரும் வைணவ அடியார்க்கு அமுதளிக்க இராமாநுச கூடம் அமைத்து, அதனைக் கந்தாடை இராமாநுச ஐயங்காரிடம் ஒப்புவித்தார்.

இக்கூடத்துக்கு வருவாய் வந்த வழியே வியப்புக்குரியது. கொடையாளர் அளித்த பொன் ஸ்ரீபண்டாரத்தில் சேரும். கோயிலாட்சி நடத்திய தானத்தார் அதனைப் பெட்டியில் பூட்டி வைத்தாரல்லர். கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவித்தனர். அதனால் மிகுந்த விளைவே கொடையாளர் பெயரால் திருவமுதாயிற்று. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளர்க்கு உரியது. ‘விட்டவன் விழுக்காடு’ என்பது அதன் பெயர். எத்துணை அழகிய சொல்! நரசிம்மர் தம் விழுக்காட்டைக் கூடத்திற்கே விட்டார். மன்னர் பொன் ஏரி நீராகி, நீர் நெல்லாகி, நெல் ஏழை யாத்திரிகன் கைச் சோறாயிற்று. முதல் குறையவில்லை. ஆண்டுதோறும் நன்கொடைச் சீட்டுடன் வீடு வீடாக ஏறி இறங்கும் நம்போன்ற சங்கத்தார் இதனைக் கண்டு பெருமூச்செறிதல் இயல்பே.

எனினும் இம்முதலுக்கு ஓர் இடர் உண்டு. பெட்டியிலுள்ள பொன் கிடந்தபடி கிடக்கும். ஏரியோ பேணாவிடில் தூர்ந்துபோம். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின் புதுக் கொடைகள் அருகின. நவாபு காலத்திலும், 1801க்குப் பின் கும்பினி காலத்திலும் கோயில் வருவாயின் மிச்சம் அரசாங்கக் கஜானாவை அடைந்தது. சித்தூரிலிருந்த கலெக்டரே மேற்பார்வையாளர். 1843இல் ஆட்சி ஹாதிராம்ஜி மடத்து மகந்துக்களிடமும், 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவஸ்தானக் குழுவினிடமும் சென்றது.

1985இல் தேவஸ்தானத்தார் நித்திய அன்னதானம் தொடங்கினர். அன்பர் அளிக்கும் பொருளை வங்கியில் முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு சோறிடுகின்றனர்.