டிஸ்க்கில் இல்லாத பைட்டுகள்

1767 முதல் 1774 வரை ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரை அளந்தார். ஒவ்வொரு ஊருக்கும் மொத்தப் பரப்பு ஒரு பக்கம். ஏரி, தோப்பு, தரிசு, சாகுபடி நிலம் எல்லாம் தனித்தனியாக இன்னொரு பக்கம். அதே சீமையில், படூரிலும் சிறுசேரியிலும் இன்று சர்வர்களோடு மல்லுக்கட்டும் பொறியாளர்களுக்கும் இப்படி இரண்டு கணக்கு வேண்டியிருக்கிறது: ஃபைலின் நீளம் ஒன்று, டிஸ்க்கில் அது பிடிக்கும் இடம் இன்னொன்று.

ஒவ்வொரு பயனரும் கடைசியாக உள்நுழைந்ததைக் குறித்துவைக்கும் லினக்ஸின் லாஸ்ட்லாக் ஃபைல் இதற்குப் பேர்போன உதாரணம். பயனர் எண் வரிசைப்படி ஆளுக்கு 292 பைட் இடம். 4,294,967,294 என்ற எண்ணுள்ள பயனருக்கு ஒரு பதிவு விழுந்தால் போதும், ஃபைலின் நீளம் 1.2 டெராபைட்டைத் தாண்டிவிடும். பட்டியலில் அதைப் பார்த்துப் பதறிய நிர்வாகிகள் பலர். டிஸ்க்கில் அது பிடித்திருப்பதோ சில கிலோபைட்டுகள்தான், மற்றதெல்லாம் எதுவும் எழுதப்படாத ஓட்டை. இதற்கு ஸ்பார்ஸ் ஃபைல் என்று பெயர்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலேயே இந்த வசதி இருந்தது. ஃபைலின் பிளாக்குகள் டிஸ்க்கில் எங்கே இருக்கின்றன என்ற முகவரிகளை ஐநோடு வைத்திருக்கும். முகவரி பூஜ்யமாக இருந்தால் அந்த பிளாக் ஒதுக்கப்படவே இல்லை. படிப்பவருக்குப் பூஜ்யங்கள் வரும்.

ஆனால் கணக்குப் பார்க்கும் கருவி பின்தங்கியிருந்தது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் டியூ கட்டளை, ஃபைலின் நீளத்தை வைத்தே பிளாக்குகளைக் கணித்தது. ஓட்டைகளும் இடம் பிடிப்பதாகவே அதற்குக் கணக்கு. 1983இல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி, உண்மையில் ஒதுக்கிய பிளாக்குகளின் எண்ணிக்கையை எஸ்டி_பிளாக்ஸ் என்று தனியே தந்த பிறகுதான் டியூவால் நம்பகமான பதில் சொல்ல முடிந்தது.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. லினக்ஸில் அந்த எண்ணிக்கை 512 பைட் அலகில் வருகிறது. ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் 4,096 பைட்டாக இருந்தாலும் அப்படித்தான். 8 என்று வந்தால் 8 × 512, அதாவது 4,096 பைட். அதையே 4,096ஆல் பெருக்கிவிட்டால் விடை 32,768. எட்டு மடங்கு பிழை.

நகலெடுப்பதில் இருந்த சிக்கல் இன்னும் நெடுநாள் நீடித்தது. ஓட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிரல் பூஜ்யங்களையும் எழுதித் தள்ளி, சிறிய ஃபைலைப் பூதமாக்கிவிடும். ஓட்டை தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க சன் நிறுவனத்தின் சோலாரிஸ் கொண்டுவந்த சீக்_ஹோல் என்ற வழி, 2011இல் லினக்ஸ் 3.1க்கும் வந்தது. மெய்நிகர் கணினிகளுக்கு 100 ஜிபி டிஸ்க் என்று காட்டிவிட்டு, எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் சர்வர்களில் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், கையிருப்பு தீரும் முன்பே புதிய டிஸ்க் வாங்க முடியும்.