தடையும் தாமதமும்: இலங்கையில் இளையோர் நஞ்சருந்தல் மரணங்கள் குறைந்த வரலாறு

1950 முதல் 1995 வரையான காலத்தில் இலங்கையின் தற்கொலை வீதம் எட்டு மடங்காக உயர்ந்து, ஓர் இலட்சம் பேருக்கு 47 என்னும் உச்சத்தை அடைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. இவ்வேற்றத்திற்குக் காரணம் தேடிய சமூகவியலாளர் பலர். இறக்கத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மருத்துவர்களே. எனவே வரலாற்றுத் துறைக்குள் இவ்விறக்கம் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை.

ஏற்றத்திற்குக் கூறப்பட்ட காரணங்களுள் குடிப்பெயர்வு முதன்மையானது. கியர்னி, மில்லர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, உள்நாட்டுக் குடியேற்றம் தந்த சமூகக் குலைவைச் சுட்டியது. போர் மற்றொரு காரணமாகப் பேசப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் போர் உக்கிரமடைந்த ஆண்டுகளில் தற்கொலைகள் குறைந்திருந்ததை தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995இல் எடுத்துக்காட்டினர். குனல் முதலானோர் 2007இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வேலையின்மை, மதுப் பழக்கம், மணமுறிவு, போர் ஆகிய எவற்றின் போக்கும் இறக்கத்தோடு பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றே: கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்ட ஆண்டுகள்.

இத்தடைகளுக்கு முன்வரலாறு உண்டு. ஜெயரத்தினம் முதலானோர் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிக்கொல்லி நஞ்சேற்றத்தால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; சுமார் 1,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பான்மையினர் தாமே நஞ்சருந்தியோர் என்பது வயல்வேலை விபத்து என்ற பொதுக் கருத்தை அசைத்தது. 1980ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளர் ஒருவருக்கு இறக்குமதியை மறுக்கும் அதிகாரம் அளித்திருந்தது. அவ்வதிகாரத்தின் வழியே 1984இல் பாரத்தியானும் மெத்தில் பாரத்தியானும் விலக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்திருந்த எஞ்சிய நஞ்சுகள் 1995க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. மேடைப் பேச்சோ இயக்கமோ இன்றி, ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் நிகழ்ந்த மாற்றம் இது. அதனாலேயே வரலாற்றாசிரியர் கண்ணுக்குத் தப்பியது போலும்.

இறந்தோர் யார் என்பதை 1998இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஒரே மருத்துவமனையில் ஈராண்டுகளில் நஞ்சருந்திச் சேர்ந்த 2,559 பேருள் 325 பேர் இறந்தனர். சேர்ந்தோரில் மூன்றில் இரு பங்கினர் முப்பது வயதுக்குட்பட்டோர். பின்னர் பிழைத்தோரிடம் நடத்தப்பட்ட நேர்காணல்களில், பாதிக்கும் மேற்பட்டோர் அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே அதுபற்றி எண்ணியிருந்தனர் எனத் தெரிந்தது. வீட்டுச் சண்டைக்கும் செயலுக்கும் இடையே இருந்த காலம் அவ்வளவே. பலருக்கும் சாவு உறுதியான நோக்கமாக இருக்கவில்லை. கைக்கு எட்டிய பொருளே முடிவைத் தீர்மானித்தது.

தடை நேர்கோட்டில் பயனளித்ததாகக் கருதுவது பிழை. முதல் வகுப்பு நஞ்சுகள் நீங்கியபோது உழவர்கள் எண்டோசல்பானுக்கு மாறினர். அதனால் நிகழ்ந்த இறப்புகள் 1994இல் ஒன்றாக இருந்து 1998இல் ஐம்பதாயின. அவ்வாண்டே அதுவும் தடைசெய்யப்பட, அடுத்த மூன்றாண்டுகளில் எண்ணிக்கை மூன்றாகச் சரிந்தது. ஒரு நஞ்சின் இடத்தை மற்றொன்று பிடிப்பதைத் தொடர்ந்து கண்காணிக்க மருத்துவமனைப் பதிவுகளே உதவின.

மருத்துவமனையின் பங்கு பதிவோடு முடியவில்லை. இரைப்பையைக் குழாய் வழி கழுவுதல் நெடுங்காலம் கேள்வியின்றிச் செய்யப்பட்டது. நோயாளியின் இசைவின்றி, போதிய கண்காணிப்பின்றி அதனைச் செய்ததால் விளைந்த தீங்குகளை 2007இல் வெளியான கள ஆய்வு பதிவுசெய்தது. 4,632 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் வெளியான சோதனையில், செயலூட்டிய கரியைத் தவறாமல் கொடுப்பதும் இறப்பைக் குறைக்கவில்லை. உயிர் காத்தவை வேறு: மூச்சுப்பாதையைப் பேணுதல், உயிர்வளி, செயற்கைச் சுவாசம், அட்ரோபினை நோயாளியின் நிலைக்கேற்ப விரைந்து உயர்த்திச் செலுத்துதல். சிற்றூர் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் நேரமும் அவற்றோடு சேர்ந்தது. நஞ்சின் கடுமை குறைந்தபோதுதான் இச்சிகிச்சைக்கு அவகாசம் கிடைத்தது. தடையையும் சிகிச்சையையும் தனித்தனி வெற்றிகளாக எழுதுவது அதனால் பொருந்தாது.

பூச்சிக்கொல்லியை வீட்டில் பூட்டி வைப்பது தடைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. உற்பத்தியாளர்களும் அதனை விரும்பினர். அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. பூட்டுப்பெட்டி வழங்கிய ஊர்களில் நஞ்சருந்தல் குறையவில்லை. மறுபுறம், தடையால் விளைச்சல் வீழும் என்ற அச்சத்திற்கு நெல் விளைச்சல் தரவுகளில் சான்று கிடைக்கவில்லை. 2008 முதல் 2011 வரை டைமெத்தோவேட், பென்தியான், பாராகுவாட் ஆகியன விலக்கப்பட்ட பின், 2011க்கும் 2015க்கும் இடையில் பூச்சிக்கொல்லித் தற்கொலை வீதம் இலட்சத்திற்கு 8.5இலிருந்து 4.2ஆகக் குறைந்தது. பிற வழிகளிலான தற்கொலைகள் 2 விழுக்காடு மட்டுமே கூடின. வழி அடைபட்டோர் வேறு வழி தேடுவர் என்ற வாதத்திற்கு இத்தரவு வலுவான மறுப்பு.

ஆயினும் இளையோரின் துயர் குறைந்தது என்று இதிலிருந்து கூற இயலாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற அமைப்புகள் செவிமடுக்கும் பணியைத் தொடர்கின்றன. எனினும் 1986க்கும் 2000க்கும் இடையில் நஞ்சேற்றத்திற்காக மருத்துவமனைகளில் சேர்ந்தோரின் எண்ணிக்கை இருமடங்காகியது. முந்தைய தலைமுறையில் இறந்திருக்கக்கூடிய பலர் இன்று விடுதியில் கண்விழிக்கின்றனர். வீடு திரும்பிய பின் அவர்களுக்கு நேர்ந்ததைக் கேட்கும் ஆய்வுகள், நஞ்சைப் பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட மிகச் சிலவே.