ஐந்தாண்டு எப்போது தொடங்கியது? லிங்டோ அறிக்கையின் ஒரு பத்தியும் கல்லூரி மாணவர் பேரவையும்

விடுதலைக்குப் பிந்தைய இந்திய மாணவர் அரசியலைப் பற்றிய ஆய்வுகளில் ஃபிலிப் ஆல்ட்பாக்கின் நிழல் நீண்டு விழுந்திருக்கிறது. 1960களில் பம்பாய் மாணவர்களை ஆராய்ந்த அந்த அமெரிக்க அறிஞர், 1966இல் எழுதிய கட்டுரையில் இந்திய மாணவர் இயக்கத்தின் போக்கை இப்படிக் கணித்தார்: விடுதலைக்கு முன் கொள்கைப் பிடிப்பும் நாடு தழுவிய வீச்சும் கொண்டிருந்த இயக்கம், 1947க்குப் பின் சிதறியது, உள்ளூர்க் குறைகளுக்குள் சுருங்கியது, 'மாணவர் ஒழுங்கின்மை' என்று பேசப்படும் நிலைக்கு வந்தது.

இந்தக் கணிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. விடுதலை கிடைத்ததும் தலைவர்கள் மாணவரைப் படிப்பைப் பார்க்கச் சொன்னார்கள். மாணவர் அமைப்புகள் கட்சிவாரியாகப் பிரிந்தன. என் மறுப்பு அவர் கையில் எடுத்த அளவுகோலைப் பற்றியது. தேசிய விடுதலைப் போராட்டத்தை அளவுகோலாக வைத்தால் அதற்குப் பின் வந்த எதுவும் சிறுத்துத்தான் தெரியும். விடுதி உணவு ஏன் மோசம், கட்டணம் ஏன் உயர்ந்தது, தேர்வு முடிவு ஏன் தாமதம் என்று கேட்பது தேசத்தை ஆட்டும் கேள்வி அன்று. ஆனால் அதிகாரத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கவும், கூடிப் பேசி ஒரு கோரிக்கையை வடிக்கவும், தோற்ற தரப்பும் முடிவை ஏற்கவும் ஒரு பதினெட்டு வயதுக்காரர் பழகும் இடம் அதுதான். ஆல்ட்பாக் சரிவாகக் கண்ட அதே இடத்தில் குடியாட்சிப் பயிற்சி தொடங்குகிறது என்பது என் துணிபு.

அவர் கணக்கில் போதிய எடை பெறாத இன்னொன்றும் உண்டு. அன்று வாக்குரிமை வயது 21. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் அதை 18ஆகக் குறைத்து நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28 அன்றுதான். அதாவது 1966இல் இளங்கலை படித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாதவர் தெருவில் குரல் எழுப்பியதை ஒழுங்கின்மை என்ற ஒரே பெட்டியில் அடைப்பது நியாயமாகாது.

தமிழ்நாட்டுச் சான்று அவர் கட்டுரைக்கு முந்தைய ஆண்டிலேயே இருக்கிறது. 1965 ஜனவரியில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கல்லூரி மாணவர்களே நடத்தினார்கள். 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார். மொழிப் பிரச்சினை தமிழ்நாட்டுக்கே உரிய தனிக்கதை, பொதுப்போக்கை அது மாற்றிவிடாது என்று ஒருவர் வாதிடலாம். விலக்கு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது விதியைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும் என்பேன்.

ஆல்ட்பாக்கைப் படித்துத்தான் கல்வி நிர்வாகங்கள் மாணவர் பேரவையை ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கின என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்துப் பார்வை. ஒன்றுக்கொன்று துணை நின்றன. அந்தப் பார்வை 2006இல் எப்படி இடறியது என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது.

கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் அவைக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2006 மே 26 தேதியிட்டது. பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் செப்டம்பர் 22 அன்று ஆணையிட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்ற கட்டுப்பாடுகளே ஊரறிந்தவை. அதனால் லிங்டோ என்றாலே கடிவாளம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

ஆனால் பரிந்துரைகள் தொடங்கும் 6.1 பகுதியைப் பாருங்கள். முதல் பத்தி, கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வழக்கமாகத் தேர்தல் நடத்தியே மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் பத்தி, அமைதியான தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடத்தில் நியமன முறைக்கு இடம் தருகிறது. அங்கேயும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிப்பதை ஏற்கவில்லை. மூன்றாவது, நியமனத்தில் குறைகள் பல உண்டு, அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே என்கிறது. 'இடைக்கால ஏற்பாடு' என்ற தொடர் ஆங்கில மூலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. நான்காவதான 6.1.4, எல்லா நிறுவனங்களும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் நியமனத்தை விட்டுத் தேர்தலுக்கு மாற வேண்டும் என்கிறது; தேர்தல் நேரடியாகவோ மறைமுகமாகவோ இரண்டும் கலந்தோ இருக்கலாம். இருக்கும் நிலையே நீடிக்கட்டும் என்று விரும்பும் தனியார் நிறுவனங்களையும் அது தனியே சுட்டுகிறது.

இதைக் கடிவாளம் என்று எப்படிப் படிப்பது? தேர்தல் நடக்கும் இடத்துக்கு வரம்பு, நடக்காத இடத்துக்குக் கெடு. இரண்டாவது பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

சிக்கல் அந்த ஐந்தாண்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அறிக்கை தொடக்க நாளைச் சொல்லவில்லை. அறிக்கைத் தேதியிலிருந்து எண்ணினால் கெடு 2011 மே. நீதிமன்ற ஆணையிலிருந்து எண்ணினால் 2011 செப்டம்பர். நிலைமை கெட்டு நியமனத்துக்கு மாறிய கல்லூரிக்கு, அது மாறிய நாளிலிருந்தே கணக்கு என்றும் கொள்ளலாம். இந்த மூன்றாவது வாசிப்பு இரண்டாம் பத்தியோடு ஒத்துப்போகிறது என்பதை மறைக்க முடியாது. ஆனால் முதலிலிருந்தே நியமனம் செய்துவந்த கல்லூரிக்கு அது பொருந்தாது. மாறிய நாள் என்ற ஒன்றே அதற்கு இல்லை. அத்தகைய கல்லூரிக்கு 2011 செப்டம்பரைத் தாண்டிய எந்தக் கணக்கையும் இந்தப் பத்தியிலிருந்து எடுக்க இயலாது என்று உறுதியாகவே சொல்வேன். 2009 நவம்பரில், இப்படியொரு விதிமுறையை நீதிமன்ற ஆணையால் நடைமுறைப்படுத்தலாமா என்ற கேள்வி அரசியலமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டதைச் சிலர் தடையாகக் காட்டக்கூடும். கேள்வி எழுப்பப்பட்டதாலேயே ஆணை செயலிழந்துவிடவில்லை. தேர்தல் 2008இல் நிறுத்தப்பட்டிருந்த ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், வயது முதலியவற்றில் தளர்வு பெற்று 2012இல் தேர்தல் நடத்தியதும் அதே விதிமுறையின் கீழ்தான்.

இதற்கிடையில் குடியாட்சிக் கல்வி வேறு வாசல் வழியாக வளாகத்துக்குள் வந்தது. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். கல்லூரிகளில் உறுதிமொழி, கோலப்போட்டி, பேரணி. பின்னர் தேர்தல் எழுத்தறிவு மன்றங்கள் வந்தன. பெயர் சேர்க்கும் படிவத்தை நிரப்பவும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தவும் மாணவர் கற்கிறார்கள். நல்ல பணி, குறை சொல்லமாட்டேன். ஆனால் உறுதிமொழி எடுக்கும் அதே அரங்கில் பேரவைத் தலைவராக மேடையில் நிற்பவரைத் துறைத்தலைவர்கள் கூடி நியமித்திருந்தால், அந்த மாணவர்கள் அன்று கற்பது எது?

தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இன்றும் நியமனமே நடக்கிறது. அக்கல்லூரிகளின் முதல்வர்கள் 6.1.4ஆம் பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, தங்கள் ஐந்தாண்டு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை மாணவருக்கு எழுத்தில் தரட்டும்.