நிறுவனம் போனது, கைத்திறன் நின்றது

தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் இன்று காய்கறியும் பூமாலையும் விற்பனையாகின்றன. எருமை ஒன்றைக்கூடக் காண முடியாது. ஆனால் பஃபலோ ரோடு, மலாயில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடு, பசுவைக் குறிக்கும் லெம்பு ரோடு, மாட்டு வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் ரோடு ஆகியவை மறைந்துபோன ஒரு தொழிலை நினைவூட்டுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் புல்லும் நீரும் தாராளமாகக் கிடைத்தன. மாடு வளர்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் தெரிந்த இந்தியர்கள் அங்கே கூடினர். மாட்டின் உழைப்பை நம்பிக் கோதுமை ஆலைகளும் எண்ணெய்ச் செக்குகளும் வந்தன.

1930களில் சுகாதாரக் காரணங்களுக்காக மாட்டுத் தொழுவங்கள் அகற்றப்பட்டன. மோட்டார் வண்டிகளும் பெருகிவிட்டன. மாட்டுக்காரரின் திறனுக்கு அந்த வட்டாரத்தில் வேலை இல்லாமல் போனது. அங்கு கூடிய மக்களுக்காக வந்த மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் பூக்கடைகளுமே நிலைத்தன. ஒரே தொழிலுக்கு மட்டும் உதவும் திறன், அந்தத் தொழிலோடு முடிந்துவிடுகிறது.

டாட்டா காட்டிய வழி

1965ல் சிங்கப்பூர் தனிநாடானபோது துறைமுக வணிகம் தெரிந்தவர்கள் நிறைய இருந்தனர். உலோகத்தைத் துல்லியமாகக் கடையத் தெரிந்தவர்கள் குறைவு. தேர்ந்த ஊழியர் இல்லாமல் ஆலைகள் வரத் தயங்கின. ஆலைகள் இல்லாமல் ஊழியர் தேர்ச்சி பெறவும் வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க, பொருளியல் வளர்ச்சிக் கழகம் இந்தியாவின் டாட்டா குழுமத்துடன் சேர்ந்து 1972ல் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. 1973ல் ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனமும் 1975ல் பிலிப்சும் அதே வழியில் வந்தன. அரசாங்கம் இடம் தந்து, செலவில் பெரும்பங்கையும் ஏற்றது. நிறுவனங்கள் தங்கள் தேவைக்கும் அதிகமானோரைப் பயிற்றுவித்தன. கூடுதலாகத் தேறியவர்கள் மற்ற ஆலைகளுக்குக் கிடைத்தனர். உலோகம் கடைவது, அச்சு செய்வது, மயிரிழையும் பிசகாமல் அளப்பது என எந்த ஆலைக்கும் உதவும் வேலையை இளையர்கள் கற்றனர்.

1981ல் ரோலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அந்தக் குடும்பங்களுக்கு அது பேரிடி. ஆயினும் பயிற்சி பெற்ற கைகளைப் பிற துல்லியப் பொறியியல் ஆலைகள் எடுத்துக்கொண்டன.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சீகேட் வந்தது. அதற்குப் பாகங்கள் செய்துதரும் பட்டறைகள் சுற்றிலும் வளர்ந்தன. 1990களின் முற்பாதியில் உலகின் ஹார்ட் டிஸ்குகளில் ஏறத்தாழ பாதி சிங்கப்பூரில் தயாரானது. பிறகு அந்தத் தொழிலின் பெரும்பகுதி தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. விமானப் பாகங்கள், மருத்துவக் கருவிகள், சில்லுத் தயாரிப்பு இயந்திரங்கள் எனப் பட்டறைகள் பல தங்கள் வேலையை மாற்றிக்கொண்டன.

மாற முடியாதவர்கள்

எல்லாராலும் அப்படி மாற முடியவில்லை. தயாரிப்பு வரிசையில் அமர்ந்து ஒரே பாகத்தை ஆண்டுக்கணக்கில் பொருத்தியவர்களுக்கு, ஆலை போனதும் காட்டுவதற்கு வேறு திறன் இருக்கவில்லை. சிராங்கூன் ரோட்டு மாட்டுக்காரரின் நிலைதான் அவர்களுக்கும்.

1979ல் தொடங்கிய திறன் மேம்பாட்டு நிதியும் 2015ல் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கமும் இத்தகைய ஊழியர்களையும் மனத்தில் கொண்டவையே. ஆனால் பயிற்சி வகுப்பில் சேருமுன் ஊழியர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிறுவனம் நாளை மூடினால், அடுத்த நிறுவனத்தின் வாசலில் இந்த வேலை செல்லுபடியாகுமா?