பல்லாவரம் மலைக்குகையும் கல்லின் மேல் ஏறிய சுண்ணாம்பும்

நமது திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திற்கு அருகே நிற்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டொன்று உள்ளதை ஜமாஅத் அன்பர்கள் அறிவீர்கள். இவ்வூரில் 15 படுக்கைகளுடன் ஆதுலர்சாலை ஒன்று நடைபெற்றதும், மருத்துவருக்கும் பணியாளருக்கும் அளந்த நெல்லும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் அக்கல்லினாலேயே உலகிற்குத் தெரிய வந்தன. அச்சுவரின் மீது தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் அச்செய்தியை அவ்வளவு எளிதில் எவரும் படித்திருக்க இயலாது. இவ்வாண்டு மலரில் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்து, பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட ஊர் பல்லாவரம். பல்லவபுரம் என்பதே மருவி இப்பெயராயிற்று என்பர். காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் மலையைக் குடைந்து ஒரு குகைக்கோயிலை அமைத்தான். பின்சுவரில் ஐந்து கருவறைகள் குடையப்பட்டிருப்பதால் மக்கள் அதனைப் பஞ்சபாண்டவர் மலை என்றனர். பிற்காலத்தில் அதே குகை தர்காவாயிற்று. முஸ்லிம்கள் உருது வழக்கில் 'மௌலா கா பஹாட்' என்று குறிப்பிடும் மலையும் அதுவே. இன்றும் அங்கே ஜியாரத்திற்கு மக்கள் வந்துபோகின்றனர். ஆக, ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக அக்குகை வெறும் பாழிடமாக விடப்படாமல் ஏதேனும் ஒரு வழிபாட்டின் நிழலில் இருந்து வந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

மகேந்திரவர்மன் குடைவித்த மற்றக் குகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பல்லாவரத்தின் நிலை விளங்கும். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குகைகள் ஊரைவிட்டு ஒதுங்கி ஏரிக்கரையில் உள்ளன. அங்கே காவல் எளிது. பல்லாவரமோ இரயில் நிலையமும் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் சூழ்ந்த நகரமாகிவிட்டது. மலையடிவாரம் முழுவதும் வீடுகள். அம்மலைப்பகுதியின் கல் மிகக் கடினமானது. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததென்பதால், நிலவியலார் இதற்குச் சார்னோகைட் என்று அவர் பெயரையே சூட்டினர். கல்லின் தரமே அதற்குப் பகையாயிற்று. பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் மலைகளைக் கல்குவாரிகள் பல ஆண்டுகள் தின்றன. எஞ்சிய மலையில் இக்குகை நிலைத்திருப்பதற்கு, வந்து போவோர் உள்ள வழிபாட்டிடமாக அது இருந்ததும் ஒரு காரணமாகும் என்பது நம் எண்ணம்.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். குகையின் தூண்களில் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன் என்று தனக்குத்தானே பட்டங்கள் சூடி மகிழ்ந்த அரசன் அவன். அந்த எழுத்துகளின் மீது காலப்போக்கில் வெள்ளையும் வண்ணப்பூச்சும் அடுக்கடுக்காக ஏறிவிட்டன. மண்டகப்பட்டுக் குகையில் அதே அரசன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி இக்கோயிலை ஆக்குவித்தேன் என்று பெருமையோடு பொறித்து வைத்தான். சுண்ணாம்பு வேண்டாமென்ற மன்னனின் எழுத்தைச் சுண்ணாம்பே மூடிக்கொண்டது!

பூசியவர்கள் கெட்ட எண்ணத்தோடு பூசவில்லை. நோன்பு வருமுன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். தூய்மையும் மரியாதையும் என்ற நினைவிலேயே அது நடைபெறுகிறது. நம் பகுதிப் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் நிலைப்படிக் கல்லில் இருந்த பார்சி எழுத்துகளும் தமிழ் எழுத்துகளும் இவ்விதமே மறைந்துபோயிருக்கலாம். எனவே அயலூர் நிர்வாகத்தினருக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு இருப்பதாக நாம் எண்ணவில்லை. நம் வீட்டுச் சுவரையும் சேர்த்தே இதைப் பேசுகிறோம்.

பூச்சை நீக்குவதிலும் ஆபத்து உண்டு. உளியால் கொத்தினாலும், அமிலம் ஊற்றினாலும், மணலை வேகமாய் வீசித் தேய்த்தாலும் எழுத்தின் விளிம்பு போய்விடும். பிறகு மூடியிருந்த காலமே மேல் என்றாகிவிடும். தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் மென்மையான முறைகளில், சிறிது சிறிதாக, பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய பணி அது. எழுத்து வெளிப்பட்டபின் ஈரத்தாளை அதன்மீது ஒற்றி, தூரிகையால் தட்டி, மைதடவி மைப்படி எடுத்துக்கொண்டால் கல் எவ்வாறாயினும் வாசகம் நிலைக்கும். இத்தகைய படிகளை ஆராய்வதற்கென்றே மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரிலும், அரபு, பார்சிக் கல்வெட்டுகளுக்கான பிரிவு நாகபுரியிலும் இயங்குகின்றன. நம்மில் எத்தனை பேருக்கு நாகபுரி அலுவலகம் தெரியும்?

குடியிருப்புகளின் நடுவே உள்ள குகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மும்பை ஜோகேஸ்வரியில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய குகையின் தலைக்கு மேலேயே வீடுகள் எழும்பின. அவற்றின் கழிவுநீர் கசிந்து குகைக்குள் இறங்கியது. ஆக்கிரமிப்புகளைப் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதற்கு மாறான துன்பத்தைப் பல்லாவரத்துக்காரர்களே அறிவர். ஜமீன் பல்லாவரத்தில் பெருங்கற்காலப் புதைவிடம் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். மனை வாங்கியும் வீடு கட்ட இயலாமல் பல குடும்பங்கள் அலைந்தன. ஆங்கிலேய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். வரலாறு அதிகமுள்ள ஊரில் பிறந்தவருக்கு இந்தச் சுமையும் உடன் வருகிறது போலும். வரலாற்றை மதியுங்கள் என்று அக்குடும்பங்களிடம் நாம் எளிதாய்ச் சொல்லிவிட முடியாது.

குகைக்குள் யார் வரலாம் என்னும் கேள்வியே இவற்றுள் நுட்பமானது. கல்வெட்டைப் பார்க்க வரும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் கதவு திறந்தால், அந்த இடத்தைப் பற்றிய ஐயங்கள் பல தாமே குறையும். கதவை அடைத்தால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு வெளியே வளரும். ஜியாரத்திற்குரிய நேரம் நீங்கலாக மற்ற நேரங்களில் பார்வையாளரை அனுமதிப்பதும், விளக்கையும் ஊதுவத்தியையும் எழுத்துள்ள தூண்களிலிருந்து தள்ளி வைப்பதும், முதலில் ஐந்து கருவறைகளோடு குடைந்தவன் மகேந்திரவர்மன் என்று வாசலிலேயே ஒரு பலகை வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அப்பலகையினால் தர்காவின் மதிப்பு அணுவளவும் குறையாது என்றே நாம் நம்புகிறோம். குறையும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு பொறுமையாகப் பேசத்தான் வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை நம் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும் முன், சுவரிலும் படியிலும் தூணிலும் எழுத்து ஏதும் உள்ளதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாளியை எடுக்கும்படி பணியாளரிடம் கூறுவதென நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம்.